கேட்ட பிறகு எழுதப்படும் பக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவில் யாழ்ப்பாணம் பற்றிய கட்டுரையைத் திறந்தால் தலைப்பு, படங்கள், உள்ளடக்கப் பட்டியல், அடிக்குறிப்புகள் என்று முழுப் பக்கமும் திரையில் விரிகிறது. அந்தப் பக்கத்தை இதே கோலத்தில் யாரும் எழுதிச் சேமித்து வைக்கவில்லை. கட்டுரையின் வாசகம் ஒரு தரவுத்தளத்தில், சதுர அடைப்புக்குறிகளும் நட்சத்திரக் குறிகளும் கலந்த வெறும் எழுத்தாக இருக்கிறது. படங்கள் வேறு கணினிகளில் இருக்கின்றன. மேலேயும் ஓரத்திலும் தெரியும் பொத்தான்களின் தமிழ்ப் பெயர்கள் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்து வைத்த தனிப் பட்டியலிலிருந்து வருகின்றன. பக்கம் வேண்டும் என்று கேட்டால், சர்வரில் ஒரு நிரல் எழுந்து இவற்றைத் திரட்டி, பிரவுசருக்குப் புரியும் எச்டிஎம்எல் வடிவில் பக்கத்தை எழுதுகிறது. அந்த நிரலின் பெயர் மீடியாவிக்கி. அது எழுதப்பட்டிருக்கும் மொழி பிஎச்பி.

சர்வரில் இருந்தபடி பக்கங்களை எழுதித் தரும் வேலைக்குப் பைதான், ரூபி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் பயன்படுகின்றன. ஆனாலும் எந்த மொழியில் ஓடுகிறது என்று கண்டறிய முடிந்த இணையதளங்களில் பத்துக்கு ஏழுக்கும் மேல் பிஎச்பியில்தான் ஓடுகின்றன. நிரலாளர்கள் கூடும் இடத்தில் இந்த மொழிக்கு அத்தனை நல்ல பெயர் கிடையாது. ஒழுங்கற்றது, பழையது, பாதுகாப்பில்லாதது என்பார்கள். அந்தக் குறைகளில் பல உண்மை. இருந்தும், ஒரு பக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் மொழி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். இது உலகெங்கும் பரவியதற்கும் இதைப் பற்றிய வசைகளுக்கும் காரணம் ஒன்றேதான்: நுழைவாசல் மிகத் தாழ்வாக வைக்கப்பட்ட மொழி இது.

1990களின் தொடக்கத்தில் சர்வரின் வேலை எளிதாக இருந்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த வலையில், பிரவுசர் ஒரு முகவரியைக் கேட்கும். சர்வர் அந்தப் பெயரில் வட்டில் உள்ள கோப்பை எடுத்து அப்படியே அனுப்பும். எல்லோருக்கும் ஒரே பக்கம். காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும், யாராவது கோப்பைத் திருத்தினால் ஒழிய, அதில் மாற்றம் இராது. ஆய்வுக் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள அது போதும். தேடவோ, படிவம் நிரப்பவோ, இன்றைய தேதியைக் காட்டவோ போதாது.

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்சிஎஸ்ஏ மையத்தார் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சிஜிஐ என்று அதற்குப் பெயர். சில முகவரிகளைக் கேட்டால் சர்வர் கோப்பை அனுப்பாது. ஒரு நிரலை இயக்கும். அந்த நிரல் எதை அச்சிடுகிறதோ அதுவே பக்கமாகப் போகும். நிரலை சி மொழியிலோ பெர்லிலோ எழுதலாம்.

இந்த யோசனை வலையை உயிர்ப்பித்தது. எழுதுவதுதான் பெரும் பாடு. ஒரு பக்கத்தில் நூறு வரி இருந்தால் நிரலில் நூறு அச்சிடும் கட்டளைகள் வேண்டும். ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறிக்குள். வரியின் உள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதற்குத் தனிக் கவனம். தலைப்பின் நிறத்தை மாற்றக்கூட சி நிரலைத் திருத்தி, மறுபடி தொகுத்து, சர்வரில் ஏற்ற வேண்டும். பக்கத்தின் அழகைக் கவனிப்பவருக்கு நிரல் தெரியாது. நிரல் எழுதுபவருக்கு அழகில் நாட்டம் இராது. இருவரும் ஒரே கோப்பில் கை வைத்தாக வேண்டும்.

கிரீன்லாந்தில் பிறந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் இந்தத் தொல்லையைத்தான் சந்தித்தார். தம் தன்விவரக் குறிப்பை இணையத்தில் வைத்திருந்தார். அதை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சி மொழியில் சில சிறு கருவிகளை எழுதினார். ஒரே வகை சி நிரலைத் திரும்பத் திரும்ப எழுதுவது சலித்துப்போகவே, அந்தக் கருவிகளைப் பக்கத்துக்குள்ளிருந்தே கூப்பிட வழி செய்தார். ‘பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்’ என்று பெயரிட்டு, 1995 ஜூன் 8 அன்று யூஸ்நெட் குழு ஒன்றில் மூல நிரலோடு எல்லோருக்கும் வழங்கினார். புதிய மொழி ஒன்றை உருவாக்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. தம் வேலை முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

அவர் செய்த மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதுவரை நிரலுக்குள் பக்கம் இருந்தது. அவர் பக்கத்துக்குள் நிரலை வைத்தார். பிஎச்பி கோப்பு என்பது முதலில் ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கம். அதில் எங்கே மாறும் தகவல் வர வேண்டுமோ அங்கே மட்டும் ஒரு கோண அடைப்புக்குறியும் கேள்விக்குறியும் போட்டு நிரலைத் தொடங்கலாம். மறுபடி கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் போட்டு முடிக்கலாம். இந்த எல்லைக்கு வெளியே உள்ளவற்றை பிஎச்பி தொடாது, அப்படியே கடத்திவிடும். ஒரு கோப்பில் நிரல் ஏதுமின்றி பத்துத் திருக்குறளை மட்டும் தட்டச்சு செய்து, பிஎச்பி என்ற பின்னொட்டோடு சேமித்தாலும் அது செல்லுபடியாகும் பிஎச்பி நிரல்தான். இயக்கினால் பத்துக் குறளும் வெளிவரும். நிரல் எழுதத் தெரியாதவர் தமக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு வரியாக நிரலாளர் ஆகிவிட முடிகிற ஏற்பாடு இது. எத்தனையோ பேர் அப்படித்தான் ஆனார்கள்.

ஒரு கோரிக்கை வந்து சேர்வதிலிருந்து பக்கம் திரும்பிப் போவதுவரை நடப்பதைப் பின்தொடர்வோம். ஓர் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலை இணையத்தில் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசகர் தேடல் பெட்டியில் ‘பாரதி’ என்று தட்டி அனுப்புகிறார். வலை முகவரிக்குள் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் தவிர வேறெதுவும் நேராகப் போக முடியாது. எனவே பிரவுசர் அந்தச் சொல்லை உடைக்கிறது. யூனிகோடில் ப, துணைக்கால், ர, த, இகரக் கொக்கி என்று அது ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக எழுத, மூன்றெழுத்துப் பெயர் 45 எழுத்துச் சரமாகிப் புறப்படுகிறது. முகவரிப் பட்டையில் ‘பாரதி’ என்றே காட்டினாலும் கம்பியில் ஓடுவது அந்த 45 எழுத்துதான்.

சர்வரில் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள் இதை வாங்குகிறது. கேட்ட கோப்பு பிஎச்பி வகை என்று தெரிந்ததும் தானே அதைத் தொடாமல் பிஎச்பியிடம் ஒப்படைக்கிறது. பிஎச்பி அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. சதவீதக் குறிகளைக் களைந்து ‘பாரதி’யை மீட்டு, ஒரு பட்டியலில் நிரலுக்காகத் தயாராக வைக்கிறது. நிரல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு மைஸ்க்யூஎல் தரவுத்தளத்திடம் போகிறது: ஆசிரியர் பெயர் இதுவாக உள்ள புத்தகங்கள் எவை? தரவுத்தளம் வரிசை வரிசையாகப் பதில் தருகிறது. பக்கத்தில் ஒரு புத்தகத்துக்கான அட்டவணை வரி ஒன்றுதான் எழுதப்பட்டிருக்கும். அதை ஒரு சுழற்சிக் கட்டளைக்குள் வைத்தால், பதில் எத்தனை வரிசையோ அத்தனை முறை அந்த வரி எழுதப்படும். நூலகத்தில் நாளை பத்துப் புத்தகம் சேர்ந்தால் பக்கத்தை யாரும் திருத்த வேண்டியதில்லை.

இத்தனையும் பெரும்பாலும் நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். வாசகரின் பிரவுசருக்குப் போவது விளைந்த எச்டிஎம்எல் மட்டுமே. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தாலும் பிஎச்பி வரி ஒன்றுகூடத் தென்படாது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் நிரலுக்குள் பத்திரமாக இருக்கும். இந்தத் திரை அறுந்துபோவதும் உண்டு. 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் ஒரு சர்வரில் அமைப்பு பிசகியதால், இயக்கப்பட வேண்டிய முகப்புப் பக்க நிரல் இயங்காமல், வந்த சிலருக்கு அப்படியே எழுத்தாகப் போய்ச் சேர்ந்தது. உலகம் அந்தத் தளத்தின் பிஎச்பியை ஒரு கணம் கண்ணால் பார்த்தது.

பக்கம் போனதும் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த பகுதி. பிஎச்பி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. நிரல் உருவாக்கிய மாறிகள், பட்டியல்கள், தரவுத்தளத்திலிருந்து கொண்டுவந்த வரிசைகள் அனைத்தும் நினைவகத்திலிருந்து அழிகின்றன. அடுத்த நொடி அதே வாசகர் அதே பக்கத்தைக் கேட்டாலும், வெற்று நினைவோடு முதலிலிருந்து தொடங்குகிறது. பக்கத்துக் கோரிக்கை என்ன செய்தது என்பதும் இதற்குத் தெரியாது.

இது வீண் வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஜாவாவில் எழுதிய சர்வர் நிரல் காலையில் எழுந்தால் நாள் கணக்கில் விழித்திருக்கும். ஒருமுறை படித்ததை நினைவில் வைத்திருக்கும். ஆனால் அப்படி விழித்திருக்கும் நிரலில் சிறு ஓட்டை இருந்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகம் வீணாகி, மூன்றாம் நாள் இரவு முழுத் தளமும் படுத்துவிடலாம். பிஎச்பியில் கசிவு சேர வழியில்லை. ஒருவரின் கோரிக்கையில் நிரல் சறுக்கி விழுந்தால் அந்த ஒருவரின் பக்கம் மட்டும் கெடும். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டால்கூட 30 நொடி என்ற இயல்பான கெடு தாண்டியதும் நிரல் நிறுத்தப்படும். அனுபவமில்லாத கைகள் எழுதும் நிரலுக்கு இதைவிடப் பரிவான ஏற்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறதிக்கு இன்னொரு பலன் பணம். யாரும் கேட்காதபோது ஒரு பிஎச்பி தளம் நினைவகத்தில் இடம் பிடிப்பதில்லை. அதனால் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான சிறு தளங்களைக் குடிவைக்க முடிந்தது. மாதம் சொற்பத் தொகைக்கு இடம் வாடகைக்குக் கிடைத்தது. கோப்பை எழுதி, சர்வரில் ஏற்றி, பிரவுசரைப் புதுப்பித்தால் பக்கம் வந்துவிடும். தொகுக்கவும் வேண்டாம், சர்வரை நிறுத்தித் தொடங்கவும் வேண்டாம். பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் சிறு கடைகளும் சிற்றிதழ்களும் சொந்தத் தளம் வைக்க முடிந்ததில் இந்தச் சிக்கனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மறதி சங்கடம் தரும் இடமும் இருக்கிறது. நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வருகிறீர்கள். அடுத்த பக்கத்தில் உங்களை யாரென்று தெரியாது. கடைத் தளத்தில் கூடையில் போட்ட புடவை அடுத்த சொடுக்கில் காணாமல் போகும். இது பிஎச்பியின் குணம் மட்டுமல்ல, வலையின் அடிப்படை நெறிமுறையே ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி கண்ட தீர்வு குக்கி: சர்வர் ஒரு சிறு குறிப்பைக் கொடுக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டும். பிஎச்பி இதன்மேல் அமர்வு என்ற வசதியைக் கட்டியது. யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரம் ஒன்றைக் குக்கியாகக் கொடுத்துவிட்டு, உங்கள் விவரங்களை அந்தச் சரத்தின் பெயரில் சர்வரிலேயே ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அடுத்த முறை சரத்தைக் காட்டினால் கோப்பைத் திறந்து படிக்கும். நினைவு நிரலுக்குள் இல்லை, வட்டில் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் கோப்பை முதலிலிருந்து படித்துப் பொருள் கொள்வதன் செலவையும் பின்னாளில் குறைத்தார்கள். 2013இல் வந்த 5.5 பதிப்பு முதல், ஒருமுறை பிரித்தறிந்த நிரலின் வடிவத்தை மட்டும் பாதுகாத்து வைக்கும் ஓபிகேஷ் மொழியோடே சேர்ந்து வருகிறது. தரவு மறக்கப்படும், நிரலின் உருவம் மறக்கப்படாது.

பக்கத்தைக் கேட்ட பிறகு எழுதுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் பல லட்சம் வீடுகளில் ஒரே நிமிடத்தில் பதிவெண்ணைத் தட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்காகவும் நிரல் எழுந்து தரவுத்தளத்தைத் தட்டினால் எந்தச் சர்வரும் திணறும். ஆனால் ஒரு பதிவெண்ணுக்கான மதிப்பெண் அன்று முழுவதும் மாறப்போவதில்லை. முந்தைய இரவே எல்லாப் பக்கங்களையும் எழுதிக் கோப்புகளாக வைத்துவிட்டால், 1991இன் சர்வர் செய்த வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும், எடுத்து அனுப்புவது. விக்கிப்பீடியா இதில் நடுவழி பிடிக்கிறது. மீடியாவிக்கி ஒரு பக்கத்தை ஒருமுறை எழுதியதும் அதன் நகல் முன்வரிசைச் சர்வர்களில் வைக்கப்படும். புகுபதிகை செய்யாமல் படிக்க வருபவருக்குப் பெரும்பாலும் அந்த நகல்தான் கிடைக்கிறது. யாராவது கட்டுரையைத் திருத்திச் சேமித்த உடனே நகல் நீக்கப்பட்டு, அடுத்து கேட்பவருக்காகப் பக்கம் மறுபடி எழுதப்படும். எதை எழுதி வைக்கலாம், எதைக் கேட்ட பிறகு எழுத வேண்டும் என்று பிரித்தறிவதில்தான் இந்தத் தொழிலின் முதிர்ச்சி இருக்கிறது.

லெர்டார்ஃபின் கருவிகள் முழு மொழியானது இஸ்ரேலில். ஹைஃபா நகரின் டெக்னியான் கல்லூரியில் மாணவர்களாக இருந்த ஆண்டி குட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி இருவரும் ஒரு கல்லூரிப் பணிக்காக இதைப் பயன்படுத்தப் போய், போதாமையைக் கண்டு, 1997இல் உட்புறத்தை முழுவதும் திருத்தி எழுதினார்கள். 1998 ஜூனில் வெளிவந்த மூன்றாம் பதிப்போடுதான் பிஎச்பி பரவத் தொடங்கியது. விக்கிப்பீடியா 2001இல் பெர்ல் நிரல் ஒன்றில் தொடங்கியது. பக்கங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருந்தன. கட்டுரைகள் பெருகி அது தள்ளாடியபோது, மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் பிஎச்பியிலும் மைஸ்க்யூஎல்லிலும் புதிதாக எழுதிக் கொடுத்தார். 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வேர்ட்பிரஸ்ஸை வெளியிட்டார்கள். இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேல் அதில் ஓடுகின்றன. 2004இல் ஹார்வர்டு விடுதியறையில் தொடங்கிய ஃபேஸ்புக்கும் பிஎச்பியே. இவர்களில் பலர் மாணவர்கள் அல்லது தம் சொந்தத் தேவைக்கு எழுதத் தொடங்கியவர்கள். தாழ்ந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்.

அதே வாசல் வழியாகத்தான் ஆபத்தும் வந்தது.

திட்டமிட்டுக் கட்டாத மொழி என்பதால் அதில் ஒழுங்கு குறைவு. சில பெயர்களில் அடிக்கோடு இருக்கும், சிலவற்றில் இராது. தொடக்க காலத்தில் செயற்கூறுகளை அவற்றின் பெயர் நீளத்தை வைத்து அறைகளில் அடுக்கினார்கள். ஒரே அறையில் நெரிசல் வராமல் இருக்க வெவ்வேறு நீளத்தில் பெயர்கள் தேவைப்பட்டன. இன்றும் சில செயற்கூறுகளின் பெயர்கள் வினோதமாக நீண்டு கிடப்பதற்கு அது ஒரு காரணம். இதெல்லாம் எரிச்சலோடு போகும். பார்வையாளர் அனுப்புவதை அப்படியே நம்பியது அப்படிப் போகவில்லை.

பழைய பிஎச்பியில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஒரு வசதி. படிவத்தில் ‘பெயர்’ என்ற பெட்டி இருந்தால், நிரலில் ‘பெயர்’ என்ற மாறி தானாகவே முளைத்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு எவ்வளவு இதமான வசதி! ஆனால் முகவரியின் கடைசியில் யார் எதைச் சேர்த்தாலும் அதுவும் மாறியாக முளைக்கும். ‘நிர்வாகி’ என்ற மாறி 1 என்று இருந்தால் உள்ளே விடு என்று நிரல் சொல்லி, அந்த மாறியை முதலில் சுழியமாக்க மறந்திருந்தால், முகவரியோடு ‘நிர்வாகி=1’ என்று சேர்த்துத் தட்டும் எவரும் நிர்வாகியாகிவிடலாம். 2002இல் 4.2 பதிப்பில் இந்த வசதி இயல்பாக அணைக்கப்பட்டது, 2012இல் 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது.

இதைவிட ஆழமான காயம் எஸ்க்யூஎல் ஊடுருவல். காசோலையில் தொகையை எழுதிவிட்டு ‘மட்டும்’ என்று முடித்து, மீதி இடத்தில் கோடு இழுக்கிறோம். இழுக்காவிட்டால் வாங்கியவர் அந்த வெற்றிடத்தில் ஒரு சொல்லைச் சேர்த்து, நம் கையெழுத்தின் கீழேயே தொகையைப் பெருக்கிவிடலாம். நம் நூலகத் தளத்தில், வாசகர் தட்டிய சொல்லை இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒட்டி, தரவுத்தளத்துக்கான கட்டளையை ஒரே வாக்கியமாக நிரல் எழுதுவதாகக் கொள்ளுங்கள். வாசகர் ‘பாரதி’ என்று தட்டினால் குறையில்லை. அவரே ஒரு மேற்கோள் குறியைப் போட்டு வாக்கியத்தை நடுவில் முடித்து, அதன்பின் ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமமானால்’ என்று கட்டளையாகத் தொடர்ந்தால்? ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். எல்லா வரிசைகளும் வெளியே வரும். உறுப்பினர் பட்டியலிலும் இதையே செய்தால் தொலைபேசி எண்களும் முகவரிகளும் போய்விடும்.

இந்த வகைத் தாக்குதல் 1998இலேயே எழுத்தில் விளக்கப்பட்டுவிட்டது. தீர்வும் நெடுங்காலமாகக் கையில் இருக்கிறது. கட்டளையை முதலில் தனியாக அனுப்ப வேண்டும். தகவல் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். தரவுத்தளம் அந்தக் கட்டளையின் பொருளை அப்போதே முடிவுசெய்து கொள்ளும். வாசகர் தட்டிய சொல் பிறகு தனியாகப் போகும். அதில் எத்தனை மேற்கோள் குறி இருந்தாலும் அது தேடவேண்டிய பெயராக மட்டுமே பார்க்கப்படும், கட்டளையின் பகுதியாக ஆக முடியாது. 2005இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து இதற்கான பிடிஓ வசதி மொழியோடு வருகிறது. பழைய மைஸ்க்யூஎல் செயற்கூறுகள் 2015இல் ஏழாம் பதிப்பில் நீக்கப்பட்டன. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இன்றும் ஒட்டுமுறையைக் கற்பித்தால், அவர் மாணவர்களுக்குத் தீங்கு செய்கிறார் என்றே சொல்வேன். வாசல் தாழ்வாக இருப்பது நல்லது. உள்ளே வருபவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது நல்லதல்ல.

இதன் உடன்பிறப்பு பக்கத்தில் எழுதும்போது வரும். யாரோ கருத்துப் பெட்டியில் எழுத்துக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதி வைத்தால், அதை அப்படியே பக்கத்தில் சேர்க்கும் தளம், வரும் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் அந்த நிரலை ஓட வைக்கும். அமர்வுக் குக்கியைக்கூட அது களவாடலாம். கோண அடைப்புக்குறிகளை அவற்றின் மாற்று எழுத்தாக்கி வெளியிட்டால் அது வெறும் எழுத்தாகத் தெரியும், ஓடாது. இதற்கு ஒற்றைச் செயற்கூறு போதும். கடவுச்சொல்லைச் சிதைத்துச் சேமிக்கவும் 5.5 பதிப்பு முதல் ஒற்றைச் செயற்கூறு இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் நான்கைந்து வரிதான் கூடுகிறது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஃபேஸ்புக் வளர்ந்தபோது பிஎச்பியை சி++ ஆக மாற்றும் ஹிப்ஹாப் என்ற கருவியை உருவாக்கி 2010இல் வெளியிட்டது. சர்வர்களின் உழைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக அறிவித்தது. அந்தப் போட்டி பிஎச்பியை எழுதுபவர்களை உசுப்பியது. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு, முந்தையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகம். 2014இல் ஃபேஸ்புக்கின் இயந்திரத்துக்கு மாறியிருந்த விக்கிப்பீடியா 2019இல் பிஎச்பிக்கே திரும்பி வந்தது. ஆறாம் பதிப்பு எங்கே என்று கேட்பீர்கள். அதில்தான் நமக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

ஒரு சரத்தின் நீளம் என்ன என்று பிஎச்பியிடம் கேட்கும் பழைய செயற்கூறு எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் 15 என்று பதில் வரும். பன்மொழி எழுத்துகளுக்கான எம்பி வகைச் செயற்கூற்றிடம் கேட்டால் 5 என்று வரும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். சரியான விடை குழந்தையுடையது. செய்தித் தளம் ஒன்று கட்டுரையின் முதல் 100 பைட்டை மட்டும் முன்னோட்டமாகக் காட்ட நினைத்தால், வெறும் தமிழ் எழுத்தானால் 33 குறிகள் போக ஒரு பைட் அறுந்து தொங்கும். கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். இடைவெளிகளும் கலந்திருந்தால் சில முன்னோட்டங்கள் சரியாக வரும், சில வராது. காரணம் தெரியாமல் திகைப்பார்கள். தரவுத்தளத்தின் எழுத்துமுறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானதாக விடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சில அமைப்புகளில் ‘தமிழ்’ ஐந்து கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பிறகு அதை மீட்க எந்த வழியும் இல்லை.

இந்தச் சிக்கலை மொழியின் அடிமட்டத்திலேயே தீர்க்கத்தான் ஆறாம் பதிப்பைத் தொடங்கினார்கள். எல்லாச் சரங்களும் யூனிகோடாகவே இருக்கும் என்பது திட்டம். நினைவகத்தில் ஒவ்வொரு குறிக்கும் குறைந்தது இரண்டு பைட் என்ற யூடிஎஃப்-16 முறையைத் தேர்ந்தார்கள். வருவதும் போவதும் யூடிஎஃப்-8 ஆக இருக்க, ஒவ்வொரு கோரிக்கையிலும் இரு புறமும் மாற்ற வேண்டியிருந்தது; வேகம் குறைந்தது, நிரல் சிக்கலானது, பங்களிப்பவர்கள் களைத்துப்போனார்கள். 2010இல் முயற்சியைக் கைவிட்டார்கள். அந்த எண்ணை மறுபடி பயன்படுத்தினால் குழப்பம் வரும் என்று நேராக ஏழுக்குப் போனார்கள். எனக்கு இது வருத்தமான கதை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பைட்டும் எழுத்தும் ஒன்றே. சுமை முழுவதும் மற்ற மொழிக்காரர்கள் தலையில் தங்கிவிட்டது.

ஆனாலும் கருவிகள் இருக்கின்றன, தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். ‘இன்ட்ல்’ என்று அழைக்கப்படும் பன்மொழி நீட்சியை இயக்கினால், வாசகர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் செயற்கூறு கிடைக்கும். அது ‘தமிழ்’ மூன்று என்று சொல்லும். 2024 நவம்பரில் வந்த 8.4 பதிப்பு, ஒரு சொல்லை த, மி, ழ் என்று கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் செயற்கூறையும் சேர்த்திருக்கிறது. சொல் விளையாட்டோ அகராதியோ செய்பவர்கள் வெகுநாள் தாமே எழுதிக்கொண்டிருந்த வேலை அது.

வரிசைப்படுத்தலையும் இதே நீட்சியிடம் விட வேண்டும். யூனிகோடு அட்டவணையில் ன எழுத்து ந-வை அடுத்தும், ற எழுத்து ர-வை அடுத்தும் இருக்கின்றன. ல, ள, ழ, வ என்று போகிறது. நாம் படித்த நெடுங்கணக்கு அதுவல்ல. சாதாரண வரிசைக் கட்டளை குறி எண்களை மட்டும் ஒப்பிடுவதால் ‘பள்ளி’யை ‘பழ’த்துக்கு முன்னால் வைக்கும். புள்ளியின் எண் க, ல போன்ற எழுத்துகளுக்கெல்லாம் பிந்தியது என்பதால் ‘பக்க’த்தை ‘பக’லுக்குப் பின்னால் தள்ளும், இன்றைய தமிழ் அகராதிகளில் பொதுவாக ‘பக்கம்’தான் முதலில் வரும். நீட்சியிலுள்ள ‘கொலேட்டர்’ என்ற ஒப்பீட்டுக் கருவியைத் தமிழுக்கான குறியீட்டோடு உருவாக்கி, நூலகத்தின் பட்டியலை அதனிடம் கொடுத்தால் நெடுங்கணக்கின்படி அடுக்கித் தரும். இரண்டே வரி நிரல். வாடகைச் சர்வரில் அந்த நீட்சி அணைக்கப்பட்டிருந்தால் இயக்கித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் நிர்வாகப் பலகையில் ஒரு பெட்டியைத் தேர்வு செய்தாலே போதும்.